எல்பிஎஸ்சி போகிறவர்களுக்கு: போஸ்டர், விசா, வரைபடம், இன்னும் சில

மார்ச்சில் டெக்சாஸின் தி உட்லண்ட்ஸில் நடக்கும் நிலவு, கோள் அறிவியல் மாநாட்டுக்கு (எல்பிஎஸ்சி) முதல்முறை போகிறவர்கள் பேச்சுக்குத்தான் உயிரைக் கொடுத்துத் தயாராகிறார்கள். வேலை நடப்பதோ, ஆய்வைப் படமும் எழுத்துமாகப் பலகையில் ஒட்டிவைக்கும் போஸ்டர் அரங்கில். பேச்சு சில நிமிடம். அந்த நேரத்துக்குள்ளேயே கேள்வியும் அடங்கிவிடும். செவ்வாய், வியாழன் மாலைகளில் போஸ்டர் முன்னால் மணிக்கணக்கில் நிற்கலாம். நீங்கள் மேற்கோள் காட்டிய கட்டுரையை எழுதியவரே வந்து நிற்பார். அதனால் போஸ்டரிலிருந்தே தொடங்குகிறேன்.

பலகை 44 அங்குலச் சதுரம், அதாவது சுமார் 112 செ.மீ. நம் ஊரில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஏ0 அச்சடிக்கிறார்கள். ஏ0 உயரம் 118.9 செ.மீ. நிமிர்த்தினாலும் படுக்கவைத்தாலும் 7 செ.மீ. வெளியே தொங்கும், பக்கத்துப் போஸ்டரை மறைக்கும். பிளாட்டர் என்ற பெரிய அச்சு எந்திரத்தின் காகிதச் சுருள் 36, 42, 44 அங்குலத்தில் வரும். 44 சுருளிலும் ஓரம் விட்டுத்தான் அச்சாகும் என்பதால் 42க்கு 42 என்று வடிவமைப்பது நல்லது. அந்த ஆண்டின் ஆசிரியர் குறிப்பில் அளவை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

ஃப்ளெக்ஸ் வேண்டவே வேண்டாம். கனம், விளக்கொளியில் பளபளக்கும், மடித்தால் கோடு விழும். துணியில் அச்சிட்டால் சட்டைகளோடு சுருட்டிப் பெட்டியில் வைக்கலாம், குழாய் தூக்க வேண்டியதில்லை. ஆனால் துணியில் மெல்லிய கோடுகள் மங்கும். வரைபடத்தின் அச்சுக்கோடுகளைக் கொஞ்சம் தடிமனாக்குங்கள். எழுத்து 28 புள்ளிக்குக் குறையக்கூடாது. படவிளக்கம் 24 வரை போகலாம். படங்கள் அச்சாகும் அளவில் 150 டிபிஐ இருந்தால் போதும், 300 வைத்தால் கோப்பு வீங்கிக் கடைக்காரரின் கணினி நின்றுவிடும்.

நிலவுப் படங்களில் எல்லோரும் தவறவிடும் ஒன்று: திரையில் சாம்பலாகத் தெரியும் நிழல் அச்சில் வெறும் கறுப்பாகிவிடும். நிழல் பகுதியின் வெளிச்சத்தைச் சற்று ஏற்றி, ஏ4 அளவுக்கு ஒரு துண்டை மட்டும் முதலில் அச்சிட்டுப் பாருங்கள்.

*

வரைபடம் பற்றி ஒரு சேர்ப்பு. சூரிய ஒளி கீழிருந்து விழும்படி படத்தை வைத்தால் பள்ளம் மேடாகத் தெரியும். வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் கண் எடுத்துக்கொள்ளும். படத்தைச் சுழற்றி ஒளி மேல் இடப்பக்க மூலையிலிருந்து வரும்படி வையுங்கள், பிறகு வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடுங்கள். ஒளியின் திசைக்கும் ஓர் அம்பு போட்டால் கேள்வி பாதி குறையும்.

அடுத்தது அளவுகோல். நிலவின் ஆரம் 1737.4 கி.மீ.; அங்கே ஒரு பாகை சுமார் 30.3 கி.மீ. வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ்ஸில் பூமிக்கான ஆயமுறை டபிள்யூஜிஎஸ்84 அப்படியே இருந்துவிட்டால் ஒரு பாகை 111 கி.மீ. ஆகும். 10 கி.மீ. பள்ளம் கிட்டத்தட்ட 37 கி.மீ. என்று அளக்கும், பரப்பளவு 13 மடங்குக்கு மேல் ஊதும். நிலவுக்கான ஆயமுறை ஐஏயூ_2015:30100ஐத் தேர்ந்தெடுத்த பிறகு, திட்ட அமைப்பில் நீள்கோளம் என்ற இடத்திலும் நிலவு வந்திருக்கிறதா என்று பாருங்கள். அளக்கும் கருவி அதைத்தான் பார்க்கும். பெயர் தெரிந்த ஒரு பள்ளத்தை அளந்து, ஐஏயூ (சர்வதேச வானியல் ஒன்றியம்) பெயர்ப்பட்டியலில் இருக்கும் விட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சந்திரயான்-3 தரவில் வேலை செய்பவர்களுக்கு: "தென்துருவத்தில் இறங்கியது" என்று எழுதாதீர்கள். இறங்கிய இடம் ஏறக்குறைய 69.4 பாகை தெற்கு. துருவம் இன்னும் 600 கி.மீ.க்கு அப்பால். நம் செய்தித்தாள் எப்படியும் எழுதட்டும், அந்த அரங்கில் முதல் கேள்வியே அங்கேதான் விழும். "தெற்கு உயர் அட்சப் பகுதி" என்றால் சிக்கல் இல்லை. இடத்தின் பெயர் ஸ்டேஷியோ சிவ் சக்தி. ஐஏயூ 2024 மார்ச்சில் ஏற்றது.

*

விசா. சுருக்கக் கட்டுரை கொடுப்பது ஜனவரித் தொடக்கத்தில், மாநாடு மார்ச்சில். ஏற்பு வந்தபிறகு விண்ணப்பித்தால் நேர்காணல் தேதியே கிடைக்காது. பி1 விசாவுக்கு ஏற்புக் கடிதம் கட்டாயமில்லை; டிஎஸ்-160 என்ற இணைய விண்ணப்பத்தை நிரப்பி முந்தைய ஆண்டின் நடுவிலேயே தேதி வாங்குங்கள்.

தொலையுணர்வு, விண்கலக் கருவி போன்ற துறை என்றால் கையில் 221(ஜி) என்ற சட்டப்பிரிவைக் குறித்த சீட்டு கொடுத்து நிறுத்திவைப்பது சகஜம். அது இறுதி மறுப்பல்ல, கூடுதல் பரிசீலனை. ஆனால் வாரக்கணக்கில் இழுக்கும். அவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றை முன்பே வைத்திருங்கள்: தன்விவரம், வெளியீட்டுப் பட்டியல், பயணத் திட்டம், செலவு யார் ஏற்கிறார்கள் என்ற கடிதம், ஆய்வைப் பற்றி ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்தை நிலவியல் தெரியாத ஆளுக்குப் புரியும்படி எழுதுங்கள். "நிலவின் பாறைகளில் எந்தக் கனிமம் இருக்கிறது என்று படங்களை வைத்துப் பார்க்கிறேன்" என்றால் போதும்.

*

சுருக்கக் கட்டுரை இரண்டே பக்கம். படமும் மேற்கோள் பட்டியலும் அதற்குள்தான். அறிமுகத்துக்கு அரைப் பக்கம் செலவழிப்பவர்கள் முடிவுக்கு இடமில்லாமல் தவிக்கிறார்கள். படிப்பவருக்கு நிலவு என்றால் என்னவென்று தெரியும்! தரவு, முறை, ஓர் எண், ஒரு படம், இவ்வளவே. "முடிவுகள் மாநாட்டில் வழங்கப்படும்" என்ற வரி இருந்தால் தேர்வுக்குழு ஏமாறாது. கடைசி நேரம் ஹூஸ்டன் நேரப்படி மாலை 5 என்று போட்டிருந்தால் அது நமக்கு மறுநாள் அதிகாலை 4.30.

*

பொதுவாக யாரும் சொல்லாதது: பாறை, பொடி. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. இஸ்ரோ செயற்கை நிலவுமண் செய்ததும் அதிலிருந்துதான். அதில் ஆய்வு செய்பவர்களுக்குப் பொடியைக் காட்ட ஆசை வரும். அமெரிக்கா போகும் விமானத்தில் கைப்பையில் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தால் தனிச் சோதனை, அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடும். மண் ஒட்டிய பாறை அங்கே சுங்கத்தில் வேறு சிக்கல். கழுவிக் காயவைத்த சிறு துண்டு ஒன்றும், நுண்நோக்கிப் படங்களும் போதும்.

*

சில்லறை விஷயங்கள்.

அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் மாநாடு அதற்கு மறுநாள் திங்கள்தான் தொடங்கியது. திங்கள் காலை உங்கள் பேச்சு என்றால் கைக்கடிகாரத்தை நம்பாதீர்கள்.

மாநாடு "ஹூஸ்டன்" என்று பார்த்து நாசா ஜான்சன் மையத்தருகே அறை பிடித்துவிடாதீர்கள். அது நகரின் தென்கிழக்கு, உட்லண்ட்ஸ் வடக்கு. இடையே 80 கி.மீ.க்கு மேல். விமானமும் வடக்கே இருக்கும் ஜார்ஜ் புஷ் நிலையத்துக்கே எடுங்கள், ஹாபி நிலையத்துக்கு அல்ல.

அரங்கில் ஏசி கடுமையாக இருக்கும், ஸ்வெட்டர் கட்டாயம். மற்றவர் போஸ்டரைப் படம் எடுக்குமுன் கேட்டுவிடுங்கள். வெளிவராத தரவு அதில் இருக்கும். ஏ4 அளவில் உங்கள் போஸ்டர் நகல் கொஞ்சம் வைத்திருந்தால் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம்.

பயண உதவி வாங்கிப் போகிறவர்கள் போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள், திரும்பி வந்ததும் கணக்குப் பிரிவில் முதலில் கேட்பது அதைத்தான்.