புதர் மறைத்த 'நில்' பலகை, சந்திப்பில் விபத்து: சாலைத் துறையைப் பொறுப்பாக்க முடியுமா?

செம்மண்காடு:
வணக்கம். நடந்து மூன்று வாரம் ஆகிறது. ஊர்ச்சாலை பெரிய சாலையில் ஏறும் இடம், இரவு எட்டு மணி. 'நில்' பலகையை சீமைக்கருவேலம் முக்கால்வாசி மூடியிருந்தது. சிவப்பில் ஒரு ஓரம்தான் தெரியும். தரையில் இருந்த வெள்ளைக் கோடு எப்போதோ அழிந்துவிட்டது. விளக்கும் இல்லை. வலப்பக்கம் வந்த வேன் இடித்ததில் மனைவிக்குக் காறை எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். என் மேல். கார் செலவு இன்சூரன்ஸில் வந்துவிடும். ஆனால் சாலையை இப்படிப் போட்டு வைத்தவர்களை யாரும் கேட்க மாட்டார்களா? மோட்டார் வாகனச் சட்டம் 198ஏ பிரிவில் ஒரு லட்சம் கிடைக்கும் என்கிறார் நண்பர்.

பழைய அம்பாசடர்:
முதலில் நாளைக்கே போய்ப் படம் எடுங்கள் சார். பகலில், இரவில், டிரைவர் சீட் உயரத்தில் இருந்து. விபத்து நடந்தால்தான் அவர்களுக்குப் பெயின்ட் டப்பா ஞாபகம் வரும்.

கோர்ட் வாசல்:
198ஏ 2019 திருத்தத்தில் வந்தது. சாலை தரம் தவறியதால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பான துறைக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் வரை அபராதம். அது மோட்டார் வாகன விபத்து நிதிக்குப் போகும், உங்கள் கைக்கு வராது.

மனைவியின் இழப்பீடு தனி. அவர் பயணிதான், உங்கள் தவறு அவர் தலையில் ஏறாது. வேன் பக்கமும் கொஞ்சம் தவறு இருந்தால் வேன் இன்சூரன்ஸ் மீது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். ஆறு மாதக் கெடு இருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள்.

துறையிடம் பணம் கேட்க சிவில் வழக்குதான். அதற்கு முன் சிவில் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு இடிந்த வழக்கில் 1966-ல் உச்ச நீதிமன்றம் நகராட்சியைப் பொறுப்பாக்கியது. 1997-ல் ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்த வழக்கில் மாநகராட்சிக்குப் பொறுப்பில்லை என்றது. உங்களுடையது இரண்டுக்கும் நடுவில். பலகை மறைந்திருப்பது துறைக்கு முன்பே தெரியும் என்று காட்ட முடிந்தால் கை ஓங்கும். யாராவது ஏற்கனவே மனு கொடுத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ., பத்து ரூபாய்தான்) கடைசியாகக் கோடு போட்ட வேலையின் எம்-புக், அதாவது வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தின் நகலும் கேளுங்கள்.

யாருடைய சாலை என்பதற்கு கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. தப்பான துறைக்கு நோட்டீஸ் போனால் மாதங்கள் வீண்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். என்ன வேகத்தில் வந்தீர்கள்? பலகை இல்லாவிட்டாலும் பெரிய சாலையில் ஏறுபவர்தான் வழிவிட வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார்.

செம்மண்காடு:
உண்மையைச் சொன்னால் நாற்பதில் வந்தேன். அந்த வழியில் அதுதான் முதல் தடவை. என் பங்குக்குக் கழித்துக்கொள்ளட்டும், சரி.

கல்லைப் பார்த்தாயிற்று. சந்திப்பில் டீக்கடை வைத்திருப்பவர் ஒரு விஷயம் சொன்னார்: ஆடி மாதமே ஊர்ப் பெரியவர் ஒருவர் இந்தப் பலகைக்காக மனுநீதி நாளில் மனு கொடுத்தாராம். ரசீது அவர் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. நாளைக்கு நகல் எடுக்கிறேன்.

அம்பாசடர் சார், நீங்கள் சொன்னது சரிதான். இன்று காலை போனபோது புதரை வெட்டியிருந்தார்கள். வெட்டிய கிளை பலகைக் கம்பத்தின் அடியிலேயே கிடக்கிறது, இலைகூட வாடவில்லை. அதையும் படம் எடுத்துக்கொண்டேன்.