நம் மேல் அன்பாக இருக்கிறார்கள் என்பது உங்களுக்கு எதை வைத்துத் தெரிகிறது?

கோவைவாசி:
கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. கணவர் நல்லவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியதும் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட்டுவிட வேண்டும். எட்டு மணி நேரத்தில் அது தானாக நின்றுவிடும், அந்த நேரம் பார்த்து ஸ்டாஃப் மீட்டிங்கில் இருந்தால் போன் மேல் போன் வரும். "பாசம் இருப்பதால்தானே கேட்கிறார், கேட்க ஆள் இல்லாதவர்களை நினைத்துப் பார்" என்கிறாள் அக்கா. எனக்கு அது பாசமாகத் தோன்றவே மாட்டேன் என்கிறது. மாமனார் என்னிடம் அதிகம் பேச மாட்டார், ஆனால் ராத்திரி மழை பெய்திருந்தால் காலையில் என் ஸ்கூட்டி சீட்டைத் துடைத்து, வண்டியைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பார். அதைப் பார்த்தால் அன்றைக்கு முழுக்க மனசு நன்றாக இருக்கிறது. உங்கள் வீடுகளில் எப்படி? நான்தான் தப்பாக யோசிக்கிறேனா?

தெப்பக்குளம்:
தப்பே இல்லை, தங்கச்சி. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதையே ஆராய்ச்சியாகச் செய்திருக்கிறார்கள். 495 பேரிடம் அன்றாடம் நடக்கக்கூடிய 60 சூழ்நிலைகளைக் கொடுத்து, இப்படி நடந்தால் தங்கள் மேல் அன்பு இருப்பதாக மக்கள் உணர்வார்களா என்று கேட்டார்கள். கஷ்டத்தில் இரக்கம் காட்டுவது, குழந்தை வந்து ஒட்டிக்கொள்வது, வீட்டு நாய் நம்மைப் பார்த்துத் துள்ளுவது மாதிரியான சின்ன விஷயங்களுக்குத்தான் பெரும்பாலும் ஆமாம் என்றார்கள். எந்நேரமும் எங்கே இருக்கிறோம் என்று ஒருவர் தெரிந்துகொள்ள நினைப்பதை அன்பின் அடையாளமாக அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அது தனிமனித சுதந்திரத்தைப் பெரிதாக நினைக்கும் ஊர், நம் வீடுகளில் கேட்டிருந்தால் பதில் கொஞ்சம் மாறியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சோழிங்கநல்லூர் அம்மா:
கொஞ்சம் இல்லை, நிறையவே மாறும். என் மகளுக்கு ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. கம்பெனியில் நைட் ஷிஃப்ட். "கேப் ஏறிட்டியா?" என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டு அவள் அப்பா வராண்டாவில் உட்கார்ந்திருப்பார், வண்டிச் சத்தம் கேட்டதும் கேட்டைத் திறந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் படுக்கப் போய்விடுவார். ஆபீஸில் யாரோடு பேசினாய், ஏன் பத்து நிமிடம் லேட் என்றெல்லாம் ஒரு நாளும் கேட்டதில்லை. அவளும் அந்த மெசேஜுக்கு மட்டும் உடனே பதில் போட்டுவிடுவாள். அதனால் எங்கே இருக்கிறாய் என்று கேட்பதே தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். அவள் பத்திரமாக வர வேண்டும் என்று கேட்பது வேறு, தன் சந்தேகம் தீர வேண்டும் என்று கேட்பது வேறு. உங்கள் வீட்டுக்காரர் எதற்காகக் கேட்கிறார் என்று உட்கார்ந்து பேசிப் பாரும்மா.

வைகைக்கரை:
ஜான் காட்மன் என்று ஒரு உளவியலாளர், சியாட்டில் பக்கம் புதிதாகக் கல்யாணமான ஜோடிகளை வீடு மாதிரி அமைத்த ஒரு ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்துக் கவனித்தார். ஒருவர் சும்மா எதையாவது சொன்னால், அதாவது ஜன்னல் பக்கம் கைகாட்டி அந்தப் பறவையைப் பாரேன் என்கிற மாதிரி, மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா என்பதுதான் அவர் கணக்கெடுத்த விஷயம். ஆறு வருடம் கழித்துப் பார்த்தால், சேர்ந்து வாழ்ந்தவர்கள் அப்படிப்பட்ட நேரங்களில் 86 சதவீதம் காது கொடுத்திருந்தார்கள், பிரிந்தவர்கள் 33 சதவீதம்தான். எங்கள் மொட்டைமாடிக்கு மயில் வரும். நான் கூப்பிட்டால் என் மனைவி அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வருவாள். தினமும் வருகிற மயில்தான், ஆனாலும் வருவாள்.

கடலூர்க்காரன்:
எனக்கு டயாலிசிஸ் நடக்கிறது. தண்ணீர் அளந்து குடிக்க வேண்டும், இளநீர், வாழைப்பழம், தக்காளி எல்லாம் பொட்டாசியம் பயத்தில் எட்ட நிற்க வேண்டியவை. சொந்தக்காரர்கள் பாவம் பார்ப்பார்கள், பிறகு "ஒரு நாள் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்" என்று சாம்பாரை ஊற்றிவிடுவார்கள், கோபித்துக்கொள்ளவும் முடியாது. சித்தப்பா மகன் கல்யாணத்தில் பந்தியில் உட்காரப் பயந்துகொண்டு ஓரமாக நின்றேன். என் அண்ணி ஒரு டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே வேகவைத்துத் தண்ணீர் வடித்த பீன்ஸ், உப்பு குறைத்த ரசம் கொஞ்சம், சாதம். மண்டபத்தில் யாரிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, எல்லாரோடும் சேர்ந்து சாப்பிட்டேன். காய்கறியை எப்படிச் செய்ய வேண்டும் என்று நான் அவருக்குச் சொன்னதே கிடையாது. என் மனைவியிடம் எப்போதோ கேட்டு வைத்திருக்கிறார்.

கோவைவாசி:
எல்லாருக்கும் நன்றி. சோழிங்கநல்லூர் அம்மா, இன்றைக்கு ராத்திரி பேசிவிடுகிறேன். லேட்டானால் நானே கூப்பிடுகிறேன், லொகேஷன் வேண்டாம் என்று கேட்கப் போகிறேன். கடலூர் அண்ணா, எங்கள் அத்தைக்கும் இப்போதுதான் டயாலிசிஸ் ஆரம்பித்திருக்கிறார்கள், உருளைக்கிழங்கையும் அப்படி வடித்துக் கொடுக்கலாமா?

கடலூர்க்காரன்:
தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை மொத்தமாகக் கொட்டிவிடுங்கள் தங்கச்சி. அப்படிச் செய்தாலும் பொட்டாசியம் குறையுமே தவிர முழுசாகப் போகாது. அத்தையின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை டயட்டீஷியனிடம் காட்டி, எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.