30 டன் விசைக்குக் கீழே ஸ்ப்ளிட்டர் (விறகு பிளக்கிற மிஷின்) வாங்கினா அது விறகுத் தொழிலே இல்லையாம்!

சுழல்வேகம்:
சின்னதா விறகுத் தொழில் தொடங்க என்ன வாங்கணும்னு ஒரு தம்பி இன்னொரு திரியில கேட்டிருந்தார். அங்க நம்ம பட்டறைக்காரன் அண்ணன் அருள்வாக்கு சொல்லியிருக்கார்: "30 டன்னுக்குக் கீழே ஸ்ப்ளிட்டர் வாங்குறவன் தொழில் பண்ண வரல, பொழுதுபோக்க வந்திருக்கான்." படிச்சதுல இருந்து எரிச்சல். அங்கயே பதில் போட்டா திரியைப் பூட்டிடுவாங்க, அதான் இங்க.

அண்ணே, உங்க மிஷினோட எண்ணெய் சிலிண்டர் விட்டம் 5 அங்குலம்னு நீங்களே பெருமையா எழுதியிருக்கீங்க. பரப்பு 19.6 சதுர அங்குலம். பம்ப் தர்ற அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு. பெருக்கினா 58,900 பவுண்டு, அதாவது 26.7 டன். உங்க சட்டப்படி பொழுதுபோக்க வந்தவங்க வரிசையில நீங்கதான் முதல் ஆள்.

பட்டறைக்காரன்:
வாங்க வாங்க, செயின் சாவுக்கு என்ன ஆயில் ஊத்தணும்னு நடந்த திரியில பதில் சொல்ல முடியாம ஓடினவர் திரும்ப வந்திருக்கார். 58,900 பவுண்டு எப்படிங்க 26 டன் ஆகும்? 29 டன்னைத் தாண்டுது. கழித்தல் கூட்டல் தெரியாம கட்டுரை எழுத வந்துட்டீங்க. அதோட என் மிஷின் மேல 37 டன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு.

சுழல்வேகம்:
போட்டிருக்கும். ஸ்டிக்கர் ஒட்டுறதுக்கு ஹைட்ராலிக் தேவையில்ல. அந்த சிலிண்டர்ல 37 டன் வரணும்னா சதுர அங்குலத்துக்கு 4100 பவுண்டுக்கு மேல அழுத்தம் வேணும். அழுத்தம் எல்லை மீறாமப் பாத்துக்கிற உங்க ரிலீஃப் வால்வு அதுக்கு ரொம்ப முன்னாடியே திறந்துடும். 26.7 தான்.

பட்டறைக்காரன்:
29.

மௌனசாமி:
ரெண்டு பேரும் எந்த டன்னைச் சொல்றீங்க? 1000 கிலோ டன்னா, 2000 பவுண்டு டன்னா?

சுழல்வேகம்:
26.7. எத்தனை தடவை கேட்டாலும் அதேதான்.

கோடாலிக்கை:
இந்தச் சண்டையைப் பாக்க நல்லாத்தான் இருக்கு. நேர்நாராப் போற கட்டையை 8 பவுண்டு கோடாலியால ஒரே போடு போட்டா ரெண்டாப் போயிடும். உங்க ராம் (கட்டையைத் தள்ளுற தண்டு) கீழ வந்து சேர்றதுக்குள்ள நான் அடுத்த கட்டையை நிறுத்தி வச்சிருப்பேன். பெட்ரோல் இல்ல, ஹோஸ் வெடிக்காது.

பட்டறைக்காரன்:
நேர்நாராப் போற கட்டை! உங்களுக்கு மட்டும் மரமெல்லாம் நேரா வளருதா? கவட்டையைக் கொடுக்கிறேன், தைலமரத்து முறுக்குக் கட்டையைக் கொடுக்கிறேன், கோடாலி போட்டுக் காட்டுங்க. தலை உள்ள மாட்டிக்கும், மீதிப் பொழுது அதை உருவுறதுலயே போயிடும்.

விஷயம் தெரியாதவங்களுக்காக ஒரு தடவை விளக்கமா எழுதுறேன். பெரும்பாலான ஹைட்ராலிக் ஸ்ப்ளிட்டர்ல இப்ப டூ ஸ்டேஜ் பம்ப்தான். சுமை இல்லாதப்போ நிறைய எண்ணெய் தள்ளும், ராம் வேகமா ஓடும். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 650 பவுண்டு வாக்குல ஏறினதும் பெரிய கியர் ஒதுங்கிக்கும், சின்ன கியர் மட்டும் தள்ளும், ராம் நத்தையாயிடும். இப்ப ஒரு கட்டை பிளக்க 10,000 பவுண்டு விசை வேணும்னு வைங்க. 4 அங்குல சிலிண்டர்ல அதுக்கு 800 கிட்ட அழுத்தம் ஏறணும், அதாவது நத்தை. என் 5 அங்குலத்துல 510 போதும், அதே வேகத்துலயே பிளந்துட்டு வந்துடும். சின்ன சிலிண்டர்தான் வேகம்னு சொல்றவங்க எல்லாம் வெறும் ராமை ஓட்டிப் பாத்துட்டுப் பேசுறவங்க. பல வருஷமா இதுல கை கறுத்தவன் சொல்றேன், 30 டன்னுக்குக் கீழே தொடாதீங்க.

சுழல்வேகம்:
ஆனா உங்ககிட்ட இருக்கிறதே 30 இல்லையே அண்ணே. 26.7.

அப்புறம், பாதிக் கணக்கைச் சொல்லிட்டு மீதியை முழுங்கிட்டீங்க. 5 அங்குல சிலிண்டரை நிரப்ப 4 அங்குலத்தை விட ஒன்றரை மடங்குக்கு மேல எண்ணெய் வேணும். அதே பம்ப், அதே 24 அங்குல நீளம்னா ஒவ்வொரு கட்டைக்கும் உங்க ராம் தாமதமாத்தான் வரும். நிமிஷத்துக்கு 16 கேலன் தள்ளுற பம்ப்புல 4 அங்குல சிலிண்டரோட ராம் இறங்க 5 வினாடி, உங்களுக்கு 7.6 வினாடி. வர்ற கட்டையில பெரும்பாலானது சுலபமாப் பிளக்கிற கட்டை. கடைசியில வர்ற நாலு கவட்டைக்காக நாள் முழுக்க மெதுவா ஓட்டணுமா?

நான் வச்சிருக்கிறது ஃப்ளைவீல் மிஷின், கனமான சுழல் சக்கரம் வச்சது. சக்கரத்துல சேர்ந்த சுழல் ஆற்றல் ஒரே அடியில இறங்கும். போய் வர ரெண்டு மூணு வினாடி. டன் கணக்கே கிடையாது.

பட்டறைக்காரன்:
டன் கணக்கு கிடையாதுன்னு அவரே சொல்லிட்டார், குறிச்சு வச்சுக்கோங்க. கணுவுல மாட்டினா உங்க சக்கரம் தொங்கிப் போய் நிக்கும். பின்னால இழுத்து, சக்கரம் வேகம் பிடிக்கிற வரைக்கும் காத்திருந்து, திரும்ப அடிக்கணும். ஹைட்ராலிக் அப்படியே நின்னு நிதானமா அழுத்தும். கோயில் மணியடிக்கிற மாதிரி டங்கு டங்குன்னு அடிச்சுட்டு இருக்காது.

புதுவரவு:
அண்ணன்களே, அந்தத் திரியில கேட்டவன் நான்தான். பச்சைக் கட்டையைப் பிளந்து காயவைக்கணுமா, காய்ஞ்சப்புறம் பிளக்கணுமா? இடம் எவ்வளவு ஒதுக்கணும்?

பட்டறைக்காரன்:
தம்பி, முதல்ல டன்னை முடிவு பண்ணு. மத்ததெல்லாம் தானா வரும்.

சுமைதாங்கி:
தானா எதுவும் வராது. இந்தத் தொழில்லயே சாப்பிடுறவ சொல்றேன், பிளக்கிறது கட்டைக்குச் சில வினாடி. அதே கட்டையை இறக்கி, அறுத்து, உருட்டி, தூக்கி, அடுக்கி, திரும்ப வண்டியில ஏத்துறதுக்குள்ள எத்தனை தடவை கை படுதுன்னு எண்ணிப் பாருங்க. இடுப்பு போறது அங்கதான். கன்வேயரோ, கட்டை தூக்கிவிடுற கையோ இருக்கிற மிஷின் 20 டன்னா இருந்தாலும் எனக்கு அதுதான் வேணும்.

தம்பி, பச்சையிலயே பிளந்துடுங்க. பட்டை ஈரத்தைப் பூட்டி வைக்கும், முழுக்கட்டை காய ரொம்ப நாள் இழுக்கும். தரையில படாம, காத்துப் போற மாதிரி அடுக்கி, மேல மட்டும் மூடுங்க. 20 சதவீத ஈரத்துக்குக் கீழே வந்தாத்தான் நல்லா எரியும். மீட்டரை வெளிப்பக்கம் குத்தி ஏமாறாதீங்க. ஒரு துண்டைத் திரும்பப் பிளந்து உள்முகத்துல குத்திப் பாருங்க.

பட்டறைக்காரன்:
மேடம் சொல்றது சரி, ஆனா 20 டன்னு சொன்னதுலயே தெரியுது கவட்டை பிளந்ததில்லைன்னு.

சுமைதாங்கி:
கவட்டையை ஒதுக்கி வச்சு, செயின் சாவால நடுவுல கீறி, ஆப்பு இறக்குவேன். அதுக்காக மிஷினையே மாத்த மாட்டேன். உங்க படம் ஒண்ணு பாத்தேன். ஒருத்தர் கட்டையைப் பிடிச்சிருக்கார், இன்னொருத்தர் லீவரை இழுக்கிறார். விரல் போறது இப்படித்தான். லீவர் யார் கையிலயோ கட்டையும் அவர் கையிலதான் இருக்கணும். டன்னைப் பத்தி அப்புறம் பேசலாம்.

பட்டறைக்காரன்:
அது படத்துக்காக நின்னது. எங்க பட்டறையில பாதுகாப்பு பத்தி யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம்.

சுழல்வேகம்:
அதே பட்டறையிலதானே செயின் சாவுக்கு வண்டியில வடிச்ச பழைய இன்ஜின் ஆயில் ஊத்துறீங்க? அதுல இருக்கிற இரும்புத் தூள் பாரை (சங்கிலி ஓடுற தகடு) அரிச்சுடும், தெறிச்சு தோல்லயும் மூச்சுலயும் போகும்னு போன தடவையே சொன்னேன். பதில் இன்னும் வரல.

பட்டறைக்காரன்:
என் பார் இன்னும் நேரா இருக்கு. உங்க சக்கரம் மாதிரி தொங்கல.

கோடாலிக்கை:
கோடாலிக்கு ஆயிலே வேண்டாம்.

சுழல்வேகம்:
நேரா இருக்கா இல்லையான்னு கண்ணால பாத்தா தெரியாது அண்ணே, காடியில தேய்மானம் அளக்கணும். அளக்கிறதுன்னாலே உங்களுக்கு ஸ்டிக்கரைப் படிக்கிறதுதானே.

பட்டறைக்காரன்:
29 டன்னை 26னு படிக்கிற கண்ணு என் பாரை அளக்க வருதாம்! நிர்வாகி யாராவது இவர் செயின் ஆயில் திரியில எழுதினதைத் தோண்டி எடுத்து மேல போடுங்க. "சமையல் எண்ணெயே போதும்"னு எழுதினது யாருன்னு எல்லாரும் பாக்கட்டும்.

சுழல்வேகம்:
தாவர எண்ணெய் அடிப்படையில பார் ஆயில் கடையிலயே விக்குதுன்னு எழுதினேன். படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சிருப்பாங்க.

புதுவரவு:
நன்றி அக்கா. இடம் பத்திக் கேட்டிருந்தேன்...

பட்டறைக்காரன்:
தம்பி கொஞ்சம் பொறு, இந்த எண்ணெய் விஷயத்தை இன்னிக்கு விடுறதா இல்ல.