பண்பாடறி உள ஆற்றுகை: ஒரு சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

சிகிச்சைக்கு வருபவரின் பண்பாட்டை உணர்ந்து அதற்கிசைய நடத்தும் உளச்சிகிச்சையை ஆங்கிலத்தில் கல்ச்சுரலி ரெஸ்பான்சிவ் தெரபி என்பர். அதற்கு நம் கலைச்சொல் பட்டியலுக்காகப் 'பண்பாட்டுக்கேற்ற உளச்சிகிச்சை' என்று முன்வைக்கப்பட்ட சொல்லை, பெற்றோர் இருவரும் வெவ்வேறு இனத்தவராக உள்ளவர்களை மனத்தில் இருத்தி, இன்னொரு முறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். 'ஏற்ற' என்றதுமே, வந்திருப்பவரின் பண்பாடு ஒன்றுதான் என்றும், அது சிகிச்சையாளருக்கு முன்பே தெரியும் என்றும் பொருள்பட்டுவிடுகிறது.

என் ஐயாவின், அதாவது தாத்தாவின், பர்மிய மனைவிக்கு ரங்கூனில் பிறந்த என் அத்தை, பர்மாவில் நே வின்னின் இராணுவ ஆட்சி கடைகளை அரசுடைமை ஆக்கிய 1964இல் காரைக்குடிக்கு வந்தார். மாலையில் வீட்டு வளவுக்குள் இருக்கும்போது, பர்மியப் பெண்கள் பூசும் மரப்பட்டைச் சாந்தான தனாக்காவைக் கன்னத்தில் பூசிக்கொள்வார். தெருவில் இறங்குமுன் அதைக் கழுவிவிடுவார். எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது 'நீங்கள் எந்தக் கோயில்?' என்பதுதான். நகரத்தார் குலப்பிரிவுகளுக்குரிய ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்றில் புள்ளி, அதாவது குடும்பக் கணக்கு, உள்ளவர் உடனே விடை சொல்வார். அத்தையோ வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருப்பார். அவருக்கு 'ஏற்ற' பண்பாடு எது என்று வெளியிலிருந்து யார் முடிவு செய்வது? இடத்துக்கு இடம் தம்மை வேறாக அடையாளப்படுத்திக்கொள்வதும் இத்தகையவர்களின் உரிமையே என்று அமெரிக்க உளவியலாளர் மரியா ரூட் 1990களில் எழுதியதைப் படித்தபோது, ஈரம் காயாத அந்தக் கன்னம்தான் என் நினைவுக்கு வந்தது.

ஆகவே 'பண்பாடறி உள ஆற்றுகை' என்பதை முன்மொழிகிறேன். 'அறி ஆற்றுகை' வினைத்தொகை. அறிந்த, அறிகின்ற, அறியும் என மூன்று காலமும் அதில் அடங்கும். 'அறிந்து' என்று எழுதினால் அறிதல் முடிந்துபோகிறது. மெலனி டெர்வலோனும் ஜேன் மரே-கார்சியாவும் 1998இல் முன்வைத்த பண்பாட்டுப் பணிவு என்னும் கருத்தோ, மருத்துவருக்கு இந்தக் கற்றல் வாழ்நாள் முழுவதும் முடிவதில்லை என்கிறது. ஆற்றுதல் என்னும் வினை புண்ணுக்கும் உரியது, பாலுக்கும் உரியது. பாலை ஆற்றுகிறவர் குடிக்கும் பிள்ளையின் வாய்க்குத் தக்கபடிதான் ஆற்றுவார். ரெஸ்பான்சிவ் என்பதன் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஈழத்தில் ஆற்றுகை நாடக நிகழ்த்துதலைக் குறிப்பதால் 'உள' என்னும் அடையை விடலாகாது. 'கேட்டாற்றுகை' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். சேர்த்து எழுதினால் 'கேடு' உள்ளே வந்து நிற்கிறது என்பதால் கைவிட்டேன்.

இனி, 'கலப்பினத்தவர்' என்பதை நம் பட்டியலிலிருந்து நீக்கியே ஆக வேண்டும். கலப்பினப் பசு, கலப்பின விதை என்று நாள்தோறும் வழங்கும் சொல்லை, மனம் நொந்து வந்தவரின் படிவத்தில் எழுதுவது அவரை வாசலிலேயே புண்படுத்துவதாகும். தாய்வழி, தந்தைவழி என்பவை எல்லா வீட்டிலும் புழங்குவதால் 'பல்வழி மரபினர்' என்பது பொருந்தும் என்று கருதுகிறேன். 'இருவழி' என்றால் மூன்றாம் தலைமுறைக்குப் போதாது.

சிங்கப்பூரில் 2011 முதல் பிள்ளையின் இனத்தை இரட்டையாகப் பதிந்துகொள்ளலாம்; மலேசியாவில் சீன, இந்தியப் பெற்றோரின் பிள்ளைகள் சைனீஸ், இந்தியன் என்னும் இரண்டையும் இணைத்துத் தம்மைச் 'சிந்தியன்' என்றே சொல்லிக்கொள்வதுண்டு. அங்குள்ள நண்பர்கள், 'பல்வழி மரபினர்' என்னும் சொல்லால் அழைக்கப்பட அவர்களுக்கு உடன்பாடுதானா என்று அவர்களிடமே கேட்டு எழுதினால், அதன் பிறகு பட்டியலில் சேர்க்கலாம்.