கரை ஒதுங்கும் ஓங்கில்களுக்காக ஒரு உதவி

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பு தாழங்குடாப் பக்கம் இருந்து எழுதுகிறேன். போன மாரியில் எங்கள் கரையில் ஒரு ஓங்கில் (டொல்பின்) ஒதுங்கியது. ஓடி வந்த பிள்ளைகள் பாவம் பார்த்துத் தலை முழுக்க வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அதன் உச்சியில் இருக்கிற சின்னத் துளைதான் மூக்கு. மூச்சு விடும்போது மட்டும் திறந்து, புஸ் என்று காற்றை விட்டு மூடிக்கொள்ளும். அதற்குள் தண்ணீர் போகக்கூடாது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. வாலைப் பிடித்து வேறு இழுத்தோம். பின்னேரம் செத்துப்போனது. அந்தக் கண் இன்னும் எனக்குள் நிற்கிறது.

2020 நவம்பரில் பாணந்துறையில் 100 வரையான திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது, கடற்படையும் ஊர்ச்சனமும் விடிய விடிய நின்று பெரும்பாலானவற்றைக் கடலில் சேர்த்தார்கள். எங்களாலும் முடியும்.

இந்த மாரிக்கு, கார்த்திகை முதல் தை வரை, கல்லடியில் இருந்து களுவாஞ்சிக்குடி வரை கரையைப் பார்க்க ஒரு சின்னக் குழு சேர்க்கிறோம். முதல் வேலை வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பது. அவர்கள் வரும்வரை நிழல் பிடித்து, மூக்குத் துளையை விட்டு ஈரத்துணி போர்த்தி, துடுப்புக்குக் கீழே மணலைத் தோண்டிவிட்டு, சனத்தை விலக்கி வைக்க வேண்டும்.

பழைய பருத்திச் சீலை, பெட்சீட், தறப்பாள் இருந்தால் தாருங்கள். கிழிந்திருந்தாலும் சரி. மிருக வைத்தியர் யாராவது இங்கே இருந்தால், ஒரு நாள் வந்து சொல்லித்தர முடியுமா? கரைவலை அண்ணாமார், உங்களைத்தான் அதிகம் நம்பியிருக்கிறோம். விடியமுதல் கரையில் நிற்பவர்கள் நீங்கள். வரக்கூடியவர்கள் ஊர்ப் பெயரைக் கீழே போட்டுவிடுங்கள்.