லண்டன் ஆடுபவரிடம் ஆறு தோல்வி

2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டியிருந்தார்கள். வேலைக்குப் போக வர தினமும் அதைக் கடப்பேன். பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன செஸ் அப்படித்தான் திரும்ப வந்தது. அந்த வாரமே லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் கணக்குத் தொடங்கினேன்.

அங்கே புதிதாக வருபவருக்கு 1500 ரேட்டிங்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுத் தருவார்கள். அது என் பலம் இல்லை என்று தெரிய ஒரு வாரம் போதுமாக இருந்தது. பத்து நிமிட ரேபிட்டில் 1080-க்கு இறங்கி நின்றேன்.

வெள்ளை கிடைத்தால் எனக்கு ஒரே ஆட்டம், ஃப்ரைட் லிவர் என்ற தாக்குதல். பிஷப்பை சி4-இல் வைத்து, குதிரையை ஜி5-க்கு ஏற்றி, எஃப்7-ஐக் குறிவைப்பேன். ஆரம்பத்தில் அந்தக் கட்டத்துக்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. எதிராளி டி5-இல் சிப்பாயைக் குதிரையால் திருப்பி வெட்டினால், என் குதிரையை எஃப்7-இல் கொடுத்து அவர் ராஜாவை நடுப்பலகைக்கு இழுத்துவிடுவேன். 1200 வரை இதுவே தூக்கிக்கொண்டு போனது. அதற்கு மேலே இருப்பவர்கள் வெட்டுவதில்லை, இன்னொரு குதிரையை ஏ5-க்கு நகர்த்தி என் பிஷப்பை விரட்டினார்கள். தாக்குதல் அடங்கிய பிறகு என்ன செய்வதென்றே எனக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் அவர் வந்தார். இரவு பத்து மணிக்கு மேல் ஆடினால் அடிக்கடி அவரோடுதான் ஜோடி சேரும். இந்தோனேசியக் கொடி. வெள்ளையில் எப்போதும் லண்டன் என்ற தொடக்க ஆட்டம்: டி4, எஃப்4-இல் பிஷப், இ3, சி3. நான் எப்படிப் பாய்ந்தாலும் அதே அடுக்கு. காய்க்குக் காய் மாற்றிக்கொண்டே போவார். ஆளுக்கொரு யானையும் நாலு சிப்பாயும் மிஞ்சியதும் அவசரமே இல்லாமல் ராஜாவை நடுவுக்கு நடத்துவார். ஆறு முறை தோற்றேன். உயிரில்லாத ஆட்டம் என்று முதலில் எரிச்சல்பட்டேன். அது தவறான எண்ணம். அவருடைய மற்ற ஆட்டங்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ராணிகள் மாறுவதற்கு முன்பே, மாறினால் யாருக்கு நல்லது என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார்.

ஏழாவது ஆட்டம் இன்னும் வலிக்கிறது. எனக்கு யானையும் ஒரு சிப்பாயும், அவருக்கு யானை மட்டும். சிப்பாய் ஏழாவது வரிசையில், அதற்கு முன்னால் என் ராஜா. ராஜா வெளியே வந்தால் செக், உள்ளே போய் மறுபடி வந்தால் மறுபடி செக். ஒரே நிலை மூன்று முறை வந்ததும் டிரா கோரிவிட்டார்.

நான் ஜெயித்திருக்க வேண்டிய அந்த நிலைக்கு லூசேனா நிலை என்று பெயர் இருப்பது மறுநாள் தெரிந்தது. எதிரி ராஜாவைத் தள்ளி ஒதுக்கிவிட்டு, நம் யானையை நாலாவது வரிசைக்கு ஏற்றி வைக்க வேண்டும். பிறகு ராஜா வெளியே வந்து, செக் வாங்கிக்கொண்டே ஐந்தாவது வரிசை வரை இறங்கும். கடைசிச் செக்குக்கு யானையைக் குறுக்கே போட்டால் முடிந்தது. பாலம் கட்டுவது என்று சொல்கிறார்கள். ஓரச் சிப்பாய்க்கு இது செல்லாது, அதையும் சேர்த்துப் படியுங்கள்.

இரண்டு மாதம் ஓப்பனிங் பக்கமே போகவில்லை. பழைய பலகையை விரித்து, காணாமல்போன சிப்பாய்க்குப் புளியங்கொட்டை வைத்து, இரண்டு பக்கமும் நானே ஆடினேன். முதலில் ராஜா-சிப்பாய் முடிவுகள், பிறகு யானை முடிவுகள். இப்போது 1540. குதிரையைக் கொடுக்கும் ஆசை போகவில்லை. ஆனால் கொடுப்பதற்கு முன், தாக்குதல் நின்றுபோனால் கையில் என்ன மிஞ்சும் என்று பார்க்கிறேன்.

போன மாதம் மறுபடி அவர். எனக்குக் கறுப்பு, அவருக்கு அதே லண்டன். கடைசியில் யானை முடிவு, எனக்கு ஒரு சிப்பாய் கூடுதல், கையில் 40 வினாடி. கறுப்புக்கு எல்லாம் தலைகீழ் என்பதால் யானையை ஐந்தாவது வரிசையில் நிறுத்தினேன். இரண்டு செக் கொடுத்துப் பார்த்துவிட்டு ரிசைன் பண்ணினார்.

உடனே ரீமேட்ச் கேட்டார். எனக்கு வெள்ளை. பிஷப்பை சி4-இல் வைத்தேன்.