டிக்கெட்டுக்கு முன்னால் பெயர்

ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த தேர்தலுக்கு வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து வாக்களிக்க வேண்டும் என்று பலரும் சொல்கிறீர்கள். கேட்கவே நிறைவாக இருக்கிறது. ஆனால் விமான டிக்கெட்டைப் பார்ப்பதற்கு முன்னால் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 2024இல் எனக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக் கூடாது.

அன்று ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கே அம்மாவோடு நம் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றேன். கையில் பழைய வாக்காளர் அட்டை. அலுவலர் ஸ்கேலை வைத்து மேலிருந்து கீழாக இரண்டு முறை தேடினார். அம்மாவின் பெயர் இருந்தது. அதற்கு அடுத்த வரியில் பக்கத்து வீட்டாரின் பெயர் வந்துவிட்டது. குடிபெயர்ந்தவன் என்று என் பெயரை எப்போதோ நீக்கியிருக்கிறார்கள். அட்டை இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு வாக்கு இல்லை. அம்மா மை வைத்த விரலைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தார். என் விரலைப் பார்த்தார். வீடு வந்து சேரும்வரை ஒன்றும் பேசவில்லை.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நமக்குத் தனி வழி இருப்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் வந்தது அது. படிவம் 6ஏ என்று பெயர். இந்தியக் குடியுரிமையை விடாதவர்கள் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே நிரப்பலாம். பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரிதான் உங்கள் தொகுதியை முடிவுசெய்யும். அதில் சென்னை முகவரி இருந்தால் வாக்கும் சென்னையில்தான். புகைப்படம், பாஸ்போர்ட் பக்கங்கள், விசா பக்கம் ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். ஆகவே வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். விவரம் தெரியாமல், "அவன் இங்கே இல்லையே" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடப் போகிறார்கள்.

தேதி அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். 2024இல் மார்ச் 16 அன்று அறிவிப்பு வந்தது, மார்ச் 27 வேட்புமனுவுக்குக் கடைசி நாள். மனுத்தாக்கல் முடிந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பட்டியலில் யாரையும் சேர்க்க முடியாது. நடுவில் இருந்தது 11 நாள்தான். விசாரணைக்கும் ஆட்சேபணைக்கும் விட வேண்டிய நாள்களைக் கழித்தால் என்ன மிஞ்சும்? அறிவிப்புக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுவதுதான் நல்லது.

பெயர் ஏறிய பிறகு டிக்கெட் போடுங்கள். தபால் வாக்கோ, நமக்குப் பதிலாக இன்னொருவர் போடும் வாக்கோ நமக்கு இல்லை. பதிலி வாக்குக்கான மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறியும் மாநிலங்களவையைத் தாண்டவில்லை. எட்டுத் திசையிலும் உழைக்கும் இத்தனை லட்சம் பேர் ஒரு வாக்குக்காக விமானம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஆனாலும் இருக்கும் வழியை விடக் கூடாது.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாளாவது வந்து சேரும்படி விடுப்பு கேளுங்கள். அசல் பாஸ்போர்ட் கட்டாயம். நமக்குத் தனி வாக்காளர் அட்டை தர மாட்டார்கள். நம் பெயர்கள் அந்த வாக்குச்சாவடிக்கான பட்டியலின் கடைசியில் தனிப் பிரிவாக இருக்கும். வீட்டு எண்ணை வைத்துத் தேடி இல்லை என்று சொன்னால் கலங்காமல், கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற அண்ணன்மார், அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு இங்கே வாக்கு இல்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இருக்கிறது. அவர்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துச் சொல்லுங்கள். நடக்க முடியாதவர்களை அன்று யார் அழைத்துப் போவார்கள் என்று இப்போதே பேசிவையுங்கள்.

6ஏ நிரப்பும்போது எங்காவது தடைப்பட்டால் எனக்கு எழுதுங்கள். சனி, ஞாயிறு இரவுகளில் போனில் கூடவே இருந்து நிரப்பித் தருகிறேன்.